முதல் மாதம் ஃபார்முலா வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் இணைப்பில் ரூபிக்ஸ் கியூப் பற்றி, அதாவது திருப்பித் திருப்பிப் பக்கத்துக்கு ஒரு நிறமாகச் சேர்க்கிற அந்தக் கனசதுரப் புதிரைப் பற்றி, அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேலாக என் வீட்டில் இருக்கிற பொருள் அது. மூன்று வீடு மாறியும் தொலையாமல் கூடவே வந்திருக்கிறது. ஆனால் முழுதாகப் படித்து முடித்தபோது கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. அதில் சில விஷயங்கள் தவறாக வந்திருக்கின்றன. அதைவிட, பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க "ஏழே ஃபார்முலாவில் முடிக்கலாம்" என்று கட்டம் கட்டி அச்சிட்டிருந்தீர்கள். ஃபார்முலா என்றால், எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் திருப்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்கிற குறிப்பு. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். கடிதம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். கியூபைக் கண்டுபிடித்த எர்னோ ரூபிக்கை "ஹங்கேரியக் கணித மேதை" என்று எழுதியிருந்தீர்கள். அவர் கணிதக்காரர் இல்லை. சிற்பமும் கட்டடக் கலையும் படித்தவர், புடாபெஸ்டில் பயன்பாட்டுக் கலைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அப்பா கிளைடர் விமானங்களை வடிவமைத்த பொறியாளர், அம்மா கவிஞர். இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்லவில்லை. கணித மேதை கண்டுபிடித்தது என்று படிக்கிற குழந்தை, இது நமக்கு ஆகாது என்று முதல் வரியிலேயே ஒதுங்கிவிடும். கையால் கட்டை அறுத்து, ஓட்டை போட்டு, உடைந்தால் மறுபடி செய்து பார்க்கிற ஒரு வாத்தியார் செய்த பொருள் என்று சொன்னால் அந்தக் குழந்தை எட்டிப் பார்க்கும்.

மாணவர்களுக்கு முப்பரிமாணம் விளக்குவதற்காக இதைச் செய்தார் என்று இன்னொரு வரி. இது உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற கதைதான், உங்கள் மேல் குற்றமில்லை. 1974 வசந்த காலத்தில், 29 வயதில், அவர் தலையைக் குடைந்த கேள்வி வேறு. சின்னச் சின்னக் கட்டைகள் சேர்ந்து ஒரு பெரிய கட்டையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாக இடம் மாற வேண்டும், ஆனாலும் மொத்தமும் கழன்று விழக் கூடாது. இதுதான் கேள்வி. மரத்துண்டு, ரப்பர் பேண்டு, பேப்பர் கிளிப்பு என்று கையில் கிடைத்ததை வைத்துச் செய்து பார்த்தார். ரப்பர் பேண்டு வைத்தது திருப்பத் திருப்ப முறுக்கி அறுந்தது. கடைசியில், துண்டுகளை வேறு எதுவும் பிடித்துக்கொள்ள வேண்டாம், அவையே ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளட்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

யாராவது தயவுசெய்து ஒரு பழைய கியூபைப் பிரித்துப் பாருங்கள், அப்போதுதான் இந்த அழகு புரியும். வெளியே தெரிகிற துண்டுகள் 26. நடுவில் 27ஆவது இருக்க வேண்டிய இடத்தில், ஆறு பக்கமும் கை நீட்டிய ஓர் அச்சு இருக்கிறது. அந்த ஆறு கைகளின் நுனியில்தான் ஆறு நடுத்துண்டுகள், திருகாணியும் சுருள்வில்லும் போட்டு மாட்டியிருக்கும். அவை இருந்த இடத்திலேயே சுழலும், ஒன்றோடொன்று இடம் மாறவே மாறாது. மற்ற 20 துண்டுகள், அதாவது இரண்டு நிறம் உள்ள 12 ஓரத்துண்டுகளும் மூன்று நிறம் உள்ள 8 முனைத்துண்டுகளும், எதிலும் ஒட்டப்படவில்லை, எதிலும் கட்டப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்பக்கமாக ஒரு சின்னக் கால் உண்டு. அந்தக் கால் பக்கத்துத் துண்டின் அடியில் போய் நிற்கும். கல் கட்டடத்தில் சாந்து இல்லாமல் ஒரு கல் இன்னொரு கல்லைத் தாங்கி நிற்பதில்லையா, அந்த மாதிரி. அந்த 20 பேரும் கூட்டமாகச் சேர்ந்துதான் விழாமல் இருக்கிறார்கள்.

சரி, செய்து முடித்தார், பக்கத்துக்கு ஒரு நிறம் கொடுத்தார், நாலு திருப்பு திருப்பினார். நிறங்கள் கலந்து போவதைப் பார்க்க அழகாக இருந்திருக்கிறது. திரும்பி வரலாம் என்று பார்த்தால் வந்த வழி தெரியவில்லை. செய்தவருக்கே தெரியவில்லை! உலகத்தில் அப்போது இருந்தது ஒரே ஒரு கியூப், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளே கிடையாது. முடியுமா முடியாதா என்றுகூட யாருக்கும் தெரியாத நிலையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து, முதல் தடவை அதைச் சரிசெய்ய ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. ஐயா, உங்கள் அரைப்பக்கத்தில் இந்த ஒரு மாதம் இல்லை. கியூபின் கதையே அந்த ஒரு மாதம்தான் என்பது என் கட்சி.

மூன்றாவது தவறு, அந்த 20 என்கிற எண். "எப்படிக் கலைத்த கியூபையும் 20 நகர்த்தலில் சேர்த்துவிடலாம், பழகினால் யாராலும் முடியும்" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பக்கத்தை ஒரு தடவை திருப்புவது ஒரு நகர்த்தல். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. கியூபில் வரக்கூடிய நிலைகள் 43,252,003,274,489,856,000. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4,32,520 கோடி கோடி. நொடிக்கு ஒரு நிலை என்று பார்த்துக்கொண்டே போனால் 1,37,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும், பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு மடங்கு. அத்தனை நிலைக்கும் அதிகபட்சம் எத்தனை நகர்த்தல் போதும் என்ற கேள்விக்கு, 1981இல் மோர்வென் திசில்த்வெயிட் என்ற கணிதக்காரர் 52 போதும் என்று காட்டினார். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஆட்கள் இறக்கிக்கொண்டே வந்து, 2010இல்தான் டாமஸ் ரொகிக்கி முதலான நான்கு பேர், கூகுள் நிறுவனம் கொடுத்த கணினிகளை வைத்து 20 என்று முடித்துக் காட்டினார்கள். ஒரே ஒரு கணினி வைத்திருந்தால் 35 ஆண்டு ஓடியிருக்க வேண்டிய கணக்கு அது. அந்த 20ஐக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டும். மனிதர்கள், நொடிக்கணக்கில் முடிக்கிற வீரர்கள்கூட, ஐம்பது அறுபது நகர்த்தல் வைத்துத்தான் முடிக்கிறார்கள். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு எத்தனை பிள்ளைகள் 20 தாண்டியதும் நமக்கு வரவில்லை என்று கீழே வைத்திருப்பார்களோ தெரியவில்லை. ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இனி என் கதை. நான் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள், வீட்டிலேயே ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 1983இல் நான் ஆறாம் வகுப்பு. குவைத்தில் இருந்து மாமா வந்தபோது டேப் ரெக்கார்டர், சென்ட்டு பாட்டில், நைலெக்ஸ் சேலையோடு ஒரு கியூபும் வந்தது. எங்கள் தெருவில் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணன் அதைக் கலைத்துவிட்டான், அவ்வளவுதான், அதற்குப் பிறகு மூன்று வருஷம் அது சேரவில்லை.

ஒரு பக்கம் சேர்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சேர்த்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன், அம்மா அடுப்படியில் இருந்தே "சுத்துப்பக்கம் சேரலையேடி" என்றார். பார்த்தால் உண்மைதான். மேலே முழுக்க வெள்ளை, ஆனால் பக்கவாட்டில் நிறங்கள் கன்னாபின்னா என்று இருந்தன. ஒரு பக்கத்தில் வெள்ளை சேர்ந்தால் போதாது, அந்தந்த வெள்ளைத்துண்டு அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அதே மாதிரி, நடுத்துண்டு நகராது என்பதைக் கண்டுபிடித்தது இன்னொரு நாள், மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டு நான் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது. வெள்ளைக்கு எதிரே எப்போதும் மஞ்சளே இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று புரிந்தது. அந்த நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும், வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்பது வரைக்கும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

இரண்டு அடுக்கு சேர்க்க அஞ்சாறு மாசம் ஆயிற்று. மூன்றாவது அடுக்கு கைக்கு வரவே இல்லை. அதற்கு நடுவே அண்ணன் ஒரு காரியம் செய்தான். அரையாண்டு லீவில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பிக் கியூபை மொத்தமாகப் பிரித்துவிட்டான், சரியான வரிசையில் மாட்டிவிடலாம் என்று நினைத்து. பாதியில் வாசலில் அப்பா சைக்கிள் சத்தம். எது கையில் கிடைத்ததோ அதை எடுத்துத் திணித்து மூடி அலமாரியில் வைத்துவிட்டோம். அதற்குப் பிறகும் நான் விடாமல் முயற்சி செய்துகொண்டுதான் இருந்தேன்.

1986இல் பக்கத்து வீட்டு அண்ணன், சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர், லீவுக்கு வந்தார். அவரிடம் ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது, ஹாஸ்டலில் யாரோ கொடுத்ததாம். திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினார், நானும் அண்ணனும் மூச்சு விடாமல் நின்றோம். கடைசியில் எல்லாம் சேர்ந்தது, ஒரே ஒரு முனைத்துண்டு மட்டும் இருந்த இடத்திலேயே கோணலாகத் திரும்பி நின்றது. அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இத யாரு பிரிச்சது?" என்று கேட்டார். அந்த ஒரு துண்டை நெம்பி எடுத்து, திருப்பி வைத்து அழுத்தினார். முடிந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஆறு பக்கமும் சேர்ந்த கியூபை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிரித்து ஏனோதானோ என்று மாட்டினால் கியூப் பன்னிரண்டில் ஒரு தடவைதான் சேரக்கூடிய நிலையில் அமையும். முனைத்துண்டைத் தனியாக எடுத்துத் திருகினால் மூன்று விதம், ஓரத்துண்டைக் கவிழ்த்தால் இரண்டு விதம், ஏதாவது இரண்டு துண்டை மட்டும் இடம் மாற்றினால் இரண்டு விதம், மூன்றையும் பெருக்கினால் 12. பிரிக்காமல் எப்படித் திருப்பினாலும் ஒரே ஒரு முனைத்துண்டை மட்டும் திருகவோ, ஒரே ஒரு ஓரத்துண்டை மட்டும் கவிழ்க்கவோ முடியாது. இது கல்லூரியில் கணக்கு படிக்கும்போது எனக்குத் தெரிந்தது. குலக்கோட்பாடு என்று, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற மாற்றங்களைப் பற்றிய கணக்கை வகுப்பில் ஆரம்பித்த அன்று கரும்பலகையில் இருந்ததெல்லாம் எனக்குப் பழகின முகங்களாகத் தெரிந்தன. பிள்ளைகள் ஸ்டிக்கரை உரித்து ஒட்டினாலும் இதே கதிதான் நேரலாம். ஆகவே பெற்றோர்களே, வீட்டில் குழந்தை மாதக்கணக்கில் திணறினால், ஒருமுறை கியூபையும் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், என் அண்ணன் மகள் இப்போது நான்காம் வகுப்பு. போன மே மாதம் ஊரில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள், 1,800 ரூபாய். நோட்டீசில் மூளை வளர்ச்சி, ஞாபக சக்தி, ஐக்யூ, கவனக்குவிப்பு என்று வரிசையாக இருந்தது. ஐக்யூ கூடும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நானே நேரில் போய்க் கேட்டேன். சரியான பதில் இல்லை, போன வருஷம் படித்த பிள்ளைகளின் போட்டோவைக் காட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் கறுப்பு அங்கி மாட்டி, சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். குழந்தை இரண்டு நிமிஷத்துக்குள் கியூபைச் சேர்த்தது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது, நானும் கை தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து அவள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கையில் லேமினேஷன் போட்ட ஓர் அட்டை, அதில் ஏழு ஃபார்முலா. வாய் முணுமுணுக்கிறது, விரல் ஓடுகிறது, கண் கியூபைப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒரு திருப்பு தவறினால் எங்கே தவறியது என்று தேடத் தெரியவில்லை, மொத்தத்தையும் கலைத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கிறாள். நான் சாதாரணமாக, "இந்த நடுவுல இருக்கிற சிவப்பு எங்கெல்லாம் போகும் சொல்லு?" என்றேன். "எங்க வேணா போகும் அத்தை" என்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பன்னிரண்டு நாள் கையில் வைத்துத் திருப்பிய குழந்தைக்கு, நடுத்துண்டு நகராது என்பது தெரியவில்லை. அவளாகப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும், பார்க்கத்தான் யாரும் விடவில்லை. அந்த வகுப்பு நடத்திய நேரப்போட்டியில் கடைசியில் இருந்து மூன்றாவதாக வந்தாள், அழுதாள், கியூபைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஜூன் முழுக்க அது அங்கேதான் கிடந்தது.

வேகத்துக்கு நான் எதிரி இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 1982 ஜூன் 5ஆம் தேதி புடாபெஸ்டில் முதல் உலகப் போட்டி நடந்தது, 19 நாட்டுக்காரர்கள் வந்தார்கள், அமெரிக்காவில் இருந்து போன மின் தாய் என்ற வியட்நாமியப் பையன் 22.95 நொடியில் ஜெயித்தான். 2023இல் மேக்ஸ் பார்க் என்ற அமெரிக்க வீரர் கியூபை 3.13 நொடியில் முடித்தார், பிறகு அதுவும் முறியடிக்கப்பட்டது. மேக்ஸ் பார்க் ஆட்டிசம் உள்ளவர். சின்ன வயதில் விரல்களால் நுணுக்கமான வேலைகள் செய்யச் சிரமப்பட்டபோது, விரல்கள் பழகட்டும் என்றுதான் பெற்றோர் கியூபைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. போட்டி விதியிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கடிகாரம் ஓடுவதற்கு முன்னால் 15 நொடி கியூபைக் கையில் எடுத்துச் சும்மா பார்க்கலாம். அவ்வளவு வேகமானவர்களே முதலில் பார்க்கிறார்கள்! சென்னையிலும் அந்த விதிப்படி போட்டிகள் நடக்கின்றன, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், நல்ல கூட்டம், ஜெயிப்பவனே பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லித் தருவான்.

இந்தச் சொல்லித் தருவதுதான் கியூபை ஐம்பது வருஷம் தாண்டி வாழவைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். நினைத்துப் பாருங்கள், இது பிழைத்திருக்கவே வேண்டியதில்லை. 1975 ஜனவரியில் ரூபிக் ஹங்கேரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். புடாபெஸ்டில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒரு சின்னக் கூட்டுறவு நிறுவனம் அதை எடுத்துச் செய்து, "மந்திரக் கட்டை" என்ற பொருள்படும் பெயரில் கடைக்கு வருவதற்குள் 1977 முடியப் போகிறது. சோஷலிச நாடு, வெளிநாட்டுக்கு விற்க வேண்டும் என்றால் அரசு வர்த்தக நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும், ஒரு விளையாட்டுச் சாமானுக்கு யார் மெனக்கெடுவார்கள்? வியன்னாவில் வேலை பார்த்த திபோர் லாட்சி என்ற ஹங்கேரியர் சொந்த நாட்டுக்கு வந்த இடத்தில், ஓட்டலில் ஒரு சர்வர் கையில் இதைப் பார்த்து மயங்கிப்போனார். 1979இல் நியூரம்பர்க் பொம்மைச் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போனார். கடை கிடை ஒன்றும் போடவில்லை, கியூபைத் திருப்பிக்கொண்டே சந்தைக்குள் நடந்தார். அங்கே டாம் கிரெமர் என்ற பொம்மை வடிவமைப்பாளர் கண்ணில் அது பட்டது. அவர் பெரிய பொம்மைக் கம்பெனிகள் பலவற்றிடம் பேசி, கடைசியில் அமெரிக்காவின் ஐடியல் டாய் நிறுவனம் பத்து லட்சம் கியூபுக்கு ஆர்டர் கொடுத்தது. "மந்திரக் கட்டை" என்ற பெயரைப் பதிவு செய்து காப்பாற்ற முடியாது என்று 1980இல் ரூபிக்கின் பெயரையே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும், உலகமே பைத்தியமாகத் திரிந்தது. ரூபிக் தன் காப்புரிமையை உரிய ஒரு வருஷத்துக்குள் மற்ற நாடுகளில் பதியவில்லை, அதனால் நகல்கள் குவிந்தன. 1982 முடிவதற்குள் மோகம் வடிந்துவிட்டது, பத்திரிகைகள் முடிந்த கதை என்றே எழுதின. நியாயமாகச் சொன்னால் ரூபிக் ஒருவருக்குத்தான் இது தோன்றியது என்றும் இல்லை. அமெரிக்காவில் லாரி நிக்கோல்ஸ் காந்தம் வைத்த எட்டுத்துண்டுக் கியூபுக்கு 1972இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஜப்பானில் தெருதோஷி இஷிகி கிட்டத்தட்ட இதே அமைப்பைத் தனியாகவே கண்டுபிடித்திருந்தார். பெயர் நிலைத்தது ரூபிக்குக்கு, சரி, அது போகட்டும்.

வடிந்துபோன மோகம் திரும்பி வந்தது விளம்பரத்தால் இல்லை. 1981இல் இங்கிலாந்தில் பேட்ரிக் போஸர்ட் என்ற பள்ளிச் சிறுவன், தானே கண்டுபிடித்த வழியைப் படம் போட்டு எழுத, அந்தச் சின்னப் புத்தகம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1982 புடாபெஸ்ட் போட்டியில் பத்தாவதாக வந்த ஜெசிகா ஃப்ரிட்ரிச் என்ற செக் நாட்டுப் பெண், பிற்பாடு அமெரிக்காவில் பேராசிரியை ஆனவர், தன் முறையை 1997இல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். காசு கேட்கவில்லை. இன்றைக்கு வேகமாகச் சேர்க்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது அந்த வழிதான். 2003இல் டொரோன்டோவில் உலகப் போட்டி மறுபடி தொடங்கியது, 2004இல் போட்டி விதிகளை வகுக்கிற உலகக் கியூப் சங்கம் வந்தது. 2009 வரைக்கும் மட்டும் 35 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது, நம் ஊர்த் திருவிழாக் கடையில் தொங்குகிற பெயர் இல்லாத கியூபுகளை யாரும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். பேட்டரி இல்லை, மொழி இல்லை, விதிப்புத்தகம் இல்லை. கலைந்திருக்கிறதா சேர்ந்திருக்கிறதா என்பதை இன்னொருவர் வந்து மார்க் போட்டுச் சொல்ல வேண்டியதும் இல்லை, பார்த்தாலே தெரியும். என் டியூஷன் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க யாராவது மார்க் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்படியானால் ஃபார்முலாவும் சொல்லித் தருவதுதானே, அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. எனக்கும் ஜெராக்ஸ் தாள் வந்தது, அது வராமல் போயிருந்தால் மூன்றாவது அடுக்கு எனக்கு வந்தே இருக்காது. ஆனால் அந்தத் தாள் வந்தபோது நான் மூன்று வருஷம் அந்தக் கட்டையோடு குடும்பம் நடத்தியிருந்தேன். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த ஊருக்குள் தெரியாத குறுக்குச் சந்து ஒன்றைக் காட்டியது போல இருந்தது. முதல் நாளே அட்டையைக் கையில் கொடுத்தால் குழந்தைக்கு ஊரும் தெரியாது, சந்தும் தெரியாது. மூன்று வருஷம் வேண்டாம், செய்தவருக்கே ஒரு மாதம் ஆனதே, அந்த ஒரு மாதத்தையாவது நம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம். ஒரு மாதம் ஃபார்முலா இல்லை, வீடியோ இல்லை, வகுப்பு இல்லை, கடிகாரம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சேர்ந்தாலும் போதும். கோணல்மாணலாக நிற்கட்டும், விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், பதில் சொல்லாமல் கேள்வி கொடுக்கலாம். நான் என் அண்ணன் மகளுக்குச் செய்தது அதுதான். ஜூலையில் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் குவைத் கியூபைச் சேர்த்து அவள் கையில் கொடுத்தேன், நிறம் மங்கிவிட்டது, இன்னும் திரும்புகிறது. வலப்பக்கத்தைக் கடிகாரச் சுற்றில் கால் திருப்பு, மேல்பக்கத்தைக் கால் திருப்பு, பிறகு வலப்பக்கத்தைப் பழையபடி திருப்பிக்கொள், மேல்பக்கத்தையும் பழையபடி திருப்பிக்கொள், இந்த நாலையும் திரும்பத் திரும்பச் செய், என்ன ஆகிறது சொல் என்றேன். முதல் தடவை கொஞ்சம் கலைந்தது, இரண்டாவது தடவை இன்னும் கலைந்தது, மூன்றாவதில் முகம் சுருங்கிவிட்டது, "நிறுத்திடட்டுமா அத்தை" என்றாள். போ போ என்றேன். ஆறாவது தடவையில் பழையபடி சேர்ந்து வந்து நின்றது. அவள் போட்ட சத்தத்தில் அண்ணி உள்ளே இருந்து ஓடி வந்தாள். ஏன் ஆறு, ஏன் ஏழு இல்லை என்று அவளாகவே கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு முனைத்துண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அது எங்கெங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அட்டையில் இருந்த ஏழு ஃபார்முலாவில் இரண்டு, இந்த நாலு திருப்பைச் சுற்றியே கட்டப்பட்டவை. அதை அடுத்த வாரம் அவளே வந்து என்னிடம் காட்டினாள்.

ஐயா, எனக்கு இரண்டு கோரிக்கைதான். மேலே சொன்ன திருத்தங்களைச் சின்னதாக எங்காவது போடுங்கள். அடுத்த சிறுவர் இணைப்பில் ஃபார்முலாக் கட்டத்துக்குப் பதிலாக ஒரு கேள்வி போடுங்கள். சேர்ந்த கியூபை எடுத்து, வலப்பக்கம் கடிகாரச் சுற்றில் ஒரு கால் திருப்பு, மேல்பக்கமும் கடிகாரச் சுற்றில் ஒரு கால் திருப்பு, இந்த இரண்டை மட்டும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனால் எத்தனையாவது ஜோடியில் கியூப் மறுபடி சேரும்? விடை 105, அதை மட்டும் தயவுசெய்து அந்தப் பக்கத்தில் அச்சிடாதீர்கள், பிள்ளைகள் எண்ணிப் பார்த்துக் கடிதம் போடட்டும்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைப் போன வியாழக்கிழமை கொடுத்தேன். முதல் நாள் நாற்பதில் எண்ணிக்கை விட்டுப்போனது. நேற்று 63 வரை வந்தபோது கரன்ட் போய்விட்டது, இருட்டில் ஒரு திருப்பு கூடுதலாகிவிட்டதாம். இன்று காலையில் பள்ளிக்கூடப் பையில் கியூபும், பத்து ஜோடிக்கு ஒரு கோடு போட ஒரு பென்சிலும் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திண்டுக்கல்